கழிக்கரை வீட்டில் கொம்பிரசருக்கு இடம் பார்த்தல்

காற்றை அமுக்கும் இயந்திரம் எதுவானாலும், அமுக்கிய காற்றோடு வெப்பத்தையும் நீரையும் சேர்த்தே அது தருகின்றது. கொம்பிரசர் வாங்கப் போகிறவர் குதிரைவலுவையும் தாங்கியின் கொள்ளளவையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றார்; ஆனால் அந்த வெப்பம் எந்த வழியாக வெளியேறும், அந்த நீர் எங்கே தேங்கும் என்று அவர் விசாரிப்பது அரிது. இயந்திரம் நெடுநாள் உழைப்பதும் இடைவழியில் கைவிடுவதும் பெரும்பாலும் இவ்விரண்டையும் பொறுத்தே அமைகின்றன. இவ்விரண்டையும் ஆள்வதோ இயந்திரம் நிற்கும் இடம்.

திருகோணமலை மாவட்டத்தில், மூதூரிலிருந்து சேனையூர், சம்பூர் பக்கம் போகும் வழியில், உவர்நீர்க் கழியை ஒட்டி அமைந்த ஊர் கட்டைபறிச்சான். வயலும் கடலும் ஒருங்கே சோறு போடும் இப்பகுதியில் மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, இரு சக்கர உழவு இயந்திரம், படகின் வெளியிணைப்பு எஞ்சின் என்று பழுதுபார்க்க வேண்டியவை வீட்டுக்கு வீடு உண்டு. வளவின் ஓரத்தில் தகரக் கொட்டில் போட்டோ, வீட்டுச் சுவரோடு பத்தி இறக்கியோ சிறிய கராஜ் அமைத்துக்கொள்வதும், ரயருக்குக் காற்று அடிக்கவும் காபுரேற்றரை ஊதித் துப்புரவாக்கவும் வர்ணம் தெளிக்கவும் 1 அல்லது 2 குதிரைவலுக் கொம்பிரசர் ஒன்றை அதில் நிறுத்துவதும் இத்தகைய ஊர்களுக்கு இயல்பான ஏற்பாடுகள். குளிர்நாட்டுக் கராஜுக்கென எழுதப்பட்ட கைந்நூல் இயந்திரத்தைக் கதகதப்பான அறைக்குள் வைக்கச் சொல்லும். உப்பும் ஈரமும் வெக்கையும் மாறிமாறி ஆளும் கழிக்கரைக்கு அந்த ஆலோசனை பொருந்தாது.

இடத்தைத் தெரிவதற்கு முன் இயந்திரத்தின் உள்வேலையைச் சுருக்கமாக அறிந்துகொள்ளல் வேண்டும். மின்மோட்டர் சுழற்றும் தண்டு உருளைக்குள் ஒரு பிஸ்டனை மேலும் கீழும் அசைக்கின்றது. பிஸ்டன் இறங்கும்போது உள்ளிழுக்கும் வால்வு திறந்து வெளிக்காற்று வடிகட்டி வழியாக நுழைகின்றது. ஏறும்போது அவ்வால்வு மூடிக்கொள்ள, அமுங்கிய காற்று வெளியேற்றும் வால்வைத் தள்ளிக்கொண்டு தாங்கிக்குப் போகின்றது. தாங்கியின் வாயிலில் உள்ள ஒருவழி வால்வு உட்சென்ற காற்றைத் திரும்ப விடுவதில்லை. அமுக்கம் குறித்த அளவை எட்டியதும் அமுக்க ஆளி மோட்டரை நிறுத்துகின்றது. அதே கணத்தில் உருளைக்கும் ஒருவழி வால்வுக்கும் இடையே சிக்கிய காற்றைச் சிறு துளை வழியாக வெளியே விடுகின்றது. இயந்திரம் நிற்கும்போது கேட்கும் அந்தச் சீறல் பழுதன்று. அடுத்த முறை மோட்டர் எதிரமுக்கம் இல்லாமல் இலகுவாகப் புறப்படுவதற்கான ஏற்பாடு. சீறல் கேளாமற் போனால்தான் கவலைப்பட வேண்டும். அந்நிலையில் மோட்டர் முழு அமுக்கத்தை எதிர்த்துச் சுழல முயன்று சூடேறும்.

வாயுவின் கனவளவு குறையக் குறைய அதன் அமுக்கம் அதே விகிதத்தில் கூடும் என்ற விதியை இலங்கைப் பள்ளிப் பிள்ளைகள் போயிலின் விதி என்று படிக்கின்றனர். றொபேட் போயில் காற்றின் மீள்தன்மை பற்றிய தம் பரிசோதனைகளை 1660 இல் நூலாக வெளியிட்டு, 1662 இல் அதன் இரண்டாம் பதிப்பில் இவ்விதிக்கான சான்றுகளைச் சேர்த்தார். அப்பரிசோதனைகளுக்கான காற்றுப் பம்பியை அவருக்காக வடிவமைத்து இயக்கியவர் றொபேட் ஹூக். போயிலின் நூல் வெளிவந்த அதே 1660 இல், புயலில் சேதமுற்ற கப்பலோடு, கட்டைபறிச்சானுக்கு வடக்கேயுள்ள கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியிருந்த ஆங்கிலேயர் சிலர் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவரான றொபேட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் தப்பி இலண்டன் சேர்ந்து இலங்கை பற்றி எழுதிய நூல் 1681 இல் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் அதே ஹூக். காற்றை அமுக்கும் அறிவியலின் தொடக்கத்துக்கும் இக்குடாவின் கரைக்கும் இடையே இப்படியொரு தொடர்பு இருப்பது இப்பகுதிப் பாடசாலைகளில் சொல்லப்பட வேண்டிய செய்தி.

போயிலின் விதி வெப்பநிலை மாறாதிருக்கும் நிலைக்கு உரியது. கொம்பிரசரின் உருளைக்குள் அந்த நிபந்தனை நிறைவேறுவதில்லை. பிஸ்டன் ஒரு செக்கனில் பல தடவை ஏறி இறங்குவதால், அமுக்கும்போது பிறக்கும் வெப்பம் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. 30 பாகை செல்சியஸில் உள்ள காற்றை, வெப்பம் சிறிதும் கசியாதபடி, அதன் அமுக்கம் ஒன்பது மடங்காகும்வரை அமுக்கினால், கணக்கின்படி அதன் வெப்பநிலை 290 பாகையைத் தாண்டும். உருளையின் செட்டைகள் வெப்பத்தின் ஒரு பகுதியைச் சுற்றுக்காற்றுக்குக் கடத்துவதால் நடைமுறையில் இவ்வளவு ஏறாது. ஆயினும் உருளைத் தலையைத் தொட்டால் கை வெந்துபோகும். மற்றொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அமுக்கிய காற்று தாங்கியில் ஆறிப் பழைய வெப்பநிலைக்கு வந்ததும், அதன் அகச்சக்தி அமுக்குவதற்கு முன் இருந்த அளவுக்கே திரும்பிவிடுகின்றது. ஆகவே மோட்டர் மின்கம்பியிலிருந்து பெற்ற சக்தி ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக அந்தக் கொட்டிலுக்குள்ளேயே கொட்டப்பட்டிருக்கும். 2 குதிரைவலு, அதாவது தண்டில் 1.5 கிலோவாற்றுத் தரும் மோட்டர், தன் இழப்பையும் சேர்த்து மின்கம்பியிலிருந்து ஏறத்தாழ 2 கிலோவாற்று எடுப்பதால், அது ஓடும் நேரமெல்லாம் 2 கிலோவாற்று வெப்பமூட்டி ஒன்று அங்கே எரிவதாகவே கொள்ள வேண்டும்.

ஆடி மாதத்து நண்பகலில் தகரக் கூரையின் கீழ் நான்கு பக்கமும் அடைத்த கொட்டிலுக்குள் வெப்பநிலை வெளியைவிட மிக உயர்ந்திருக்கும். சூடான காற்று ஐதானது. 30 பாகையில் இழுக்கும் காற்றோடு ஒப்பிட்டால், 45 பாகையில் இழுக்கும் காற்றில் ஒவ்வோர் அடிப்புக்கும் கிடைக்கும் காற்றின் திணிவு ஏறத்தாழ 5 வீதம் குறையும். இழப்பு சிறிது, தொல்லை அதைவிடப் பெரிது. உருளை எண்ணெய் நீர்த்துப்போகின்றது, வெளியேற்றும் வால்வில் கரி படிகின்றது, மோட்டரின் வெப்பக் காப்பு ஆளி அடிக்கடி வெட்டுகின்றது. ஆதலால் கீழே ஒன்றும் கூரையை ஒட்டி ஒன்றுமாக எதிரெதிர்ச் சுவர்களில் பெரிய திறப்புகள் இருத்தல் வேண்டும்; புதிய காற்று தாழ்வாக நுழைந்து, சூடேறியது மேலால் போய்விடும். பட்டியால் சுழலும் வகையாயின், அதன் பெரிய சக்கரத்தின் ஆரைகளே விசிறியாக உருளையின் மேல் காற்றை வீசுகின்றன. அச்சக்கரம் சுவரைப் பார்த்திருந்தால், இடையில் குறைந்தது ஒரு முழமேனும் விட்டால்தான் அந்த விசிறிக்கு இழுப்பதற்குக் காற்று கிடைக்கும்.

வெப்பத்தைக் காற்றோட்டம் தீர்த்துவிடும். நீர் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. குறித்த வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் வெளியில் நிற்கக்கூடிய நீராவிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அந்த உச்சத்தில் எத்தனை வீதம் உண்மையில் இருக்கின்றது என்பதையே சாரீரப்பதன் என்கின்றோம். 30 பாகையில் உச்சம் ஏறத்தாழ 30 கிராம். சாரீரப்பதன் 80 வீதமானால் ஒரு கன மீற்றர் காற்றில் 24 கிராம் நீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கின்றது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த உச்ச அளவு வெப்பநிலையையும் இடத்தின் கனவளவையும் பொறுத்ததேயன்றி, அதே இடத்தில் எவ்வளவு காற்று நெரிந்து நிற்கின்றது என்பதைப் பொறுத்ததன்று. மானியில் 8 பார் காட்டும்வரை நிரப்பிய 50 லீற்றர் தாங்கிக்குள் 450 லீற்றர் வெளிக்காற்று அடைக்கப்பட்டிருக்கும். அக்காற்றோடு வந்த நீராவி ஏறத்தாழ 11 கிராம். தாங்கி ஆறியபின் அந்த 50 லீற்றர் இடத்தில் ஆவியாக நிற்கக்கூடியதோ 1.5 கிராம் மட்டுமே. எஞ்சிய 9 கிராமுக்கு மேற்பட்ட நீர் ஒடுங்கி, தாங்கியின் சுவரில் வழிந்து அடியில் சேர்கின்றது. வெற்றுத் தாங்கியை ஒரு தடவை நிரப்புவதற்கே இவ்வளவு. நிமிடத்துக்கு 150 லீற்றர் இழுக்கும் இயந்திரம் ஒரு மணித்தியால வேலையில் பாதி நேரம் ஓடினால், காற்றிலிருந்து பிரியும் நீர் 90 கிராமைத் தாண்டும்.

மாரியில்தான் இத்தொல்லை, கச்சான் வீசும் காலத்தில் காற்று காய்ந்திருப்பதால் தாங்கியும் காய்ந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. மலைநாட்டைக் கடந்து இறங்கி வரும் அக்காற்று உதட்டை வெடிக்கவைக்கின்றது, கிணற்றை வற்றவைக்கின்றது, கழுவிய துணியை நொடியில் உலர்த்துகின்றது. ஆயினும் கணக்கு வேறு சொல்கின்றது. 35 பாகையில் சாரீரப்பதன் 55 வீதமாக இருக்கும் ஒரு பிற்பகலை எடுத்துக்கொண்டால், அவ்வெப்பநிலையில் உச்ச அளவு ஏறத்தாழ 40 கிராம் ஆகையால், ஒரு கன மீற்றர் காற்றில் அப்போதும் 22 கிராம் நீர் இருக்கும். மாரிக் காற்றிலிருந்து அது மிகுதியாக விலகவில்லை. அதே 50 லீற்றர் தாங்கியை நிரப்பினால் ஒடுங்கும் நீர் 8 கிராம். உடலுக்குக் காய்ந்ததாகத் தெரியும் காற்று கொம்பிரசருக்குக் காய்ந்த காற்றன்று. நீர் வடிப்பதை மாரியோடு நிறுத்திவிடுபவரின் தாங்கியே முதலில் கறளேறுகின்றது.

அந்தக் கறள் உள்ளேயிருந்து தொடங்குவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாங்கியின் வெளிப்புற வர்ணம் பளபளப்பாக இருக்க, அடிப்புறத்தில் நீர் தேங்கும் ஒடுங்கிய கோட்டில் உருக்குத் தகடு குழிகுழியாக மெலிந்துகொண்டு போகும். தாங்கியின் மிகத் தாழ்ந்த புள்ளியில் உள்ள வடிகால் வால்வு இதற்காகவே வைக்கப்பட்டது. பல வீடுகளில் அது தரையோடு ஒட்டி, கைக்கு எட்டாத மூலையில் இருப்பதால் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமல் இறுகிவிடுகின்றது. இயந்திரத்தை அதன் இடத்தில் முதலில் நிறுவும்போது செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சிறுவேலை, அந்த வால்வைக் கழற்றி, வளைந்த சிறு குழாய்த் துண்டொன்றைப் பொருத்தி, நின்றபடியே கையால் திருப்பக்கூடிய ஒரு பந்து வால்வை முழங்கால் உயரத்தில் பக்கவாட்டில் வைப்பது. தாங்கியை வடிகால் இருக்கும் பக்கம் மிகச் சிறிதளவு சரித்து வைத்தால் நீர் முழுவதும் அங்கே வந்து சேரும். வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும், தாங்கியில் 1 அல்லது 2 பார் மிஞ்சியிருக்கும்போது திறந்தால், அந்த அமுக்கமே நீரைத் தள்ளிவிடும். முதலில் செம்மண் நிறத்தில் எண்ணெய் கலந்த நீர் தெறித்து வரும், பிறகு வெண்புகையாக நீர்த்துளி, கடைசியில் வெறுங்காற்று. தெறிக்கும் நீர் நாளுக்கு நாள் கருஞ்சிவப்பாகி, செதில்களும் கூடவே வருமானால் தாங்கியின் வாழ்நாள் முடிகின்றது என்று கொள்ள வேண்டும்.

நீர் உருளையின் கீழுள்ள எண்ணெய்க்கும் போகின்றது. வீட்டுக் கராஜில் கொம்பிரசர் ஒரு ரயருக்குக் காற்று அடிக்க மூன்று நிமிடம் ஓடி நின்றுவிடுகின்றது. உடல் சூடேறுவதற்குள் நின்றுவிடுவதால் எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாகி வெளியேறுவதில்லை. எண்ணெய்க் கண்ணாடி வழியே பார்த்தால் தேன் நிறம் மாறிப் பால் கலந்ததுபோல் தெரியும். நாள்முழுதும் ஓடும் தொழிற்கூட இயந்திரத்துக்கு இந்த நோய் குறைவு. சிறிதே பயன்படும் வீட்டு இயந்திரத்துக்கே அதிகம். கிழமைக்கொரு தடவை காற்றை இலேசாக வெளியே விட்டபடி கால் மணித்தியாலம் ஓடவைத்துச் சூடேற்றுவதும், பால்நிற எண்ணெயை உடனே மாற்றுவதும் இதற்குப் பரிகாரம்.

ஈரத்துக்குத் துணை உப்பு. கடலலை உடையும்போது காற்றில் ஏறும் நுண்துளிகள் உலர்ந்து உப்புத் துகள்களாக உள்நாட்டுக்குள் வருகின்றன. சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மகனீசியம் குளோரைட்டு அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே நனைந்துவிடும். எனவே மழையே படாத இடத்திலும், உப்புப் படிந்த உருக்கின் மேல் மின்பகு திரவப் படலம் ஒன்று பெரும்பாலான இரவுகளில் உருவாகிக் கறளை வளர்க்கின்றது. உள்ளிழுக்கும் வடிகட்டி இந்தத் துகள்களை முழுமையாகத் தடுப்பதில்லை. அவை தாங்கியின் அடிநீரில் கரைந்து அதன் அரிக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன.

இனித் திசையைப் பார்க்கலாம். கட்டைபறிச்சானுக்கு வடக்கே கொட்டியாரக் குடா, கிழக்கே சம்பூருக்கு அப்பால் திறந்த கடல். வாடை வீசும் ஐப்பசி முதல் தை வரையான காலத்தில் மழையும் உப்பும் வடகிழக்கிலிருந்து வரும்; கச்சான் காலத்தில் புழுதியும் அனலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும்; பின்னேர வெயில் மேற்குச் சுவரைச் சுடும். ஆகவே வளவின் அமைப்பு இடங்கொடுத்தால், வீட்டின் கிழக்குச் சுவரில் தென்கோடியை அடுத்து இறக்கிய பத்தியே மிகவும் ஏற்றது. கச்சானையும் மாலை வெயிலையும் வீடே மறைத்துவிடும். வடக்கு ஓரத்தில் கூரைவரை எழுப்பிய ஒரு மறைப்புச் சுவரும் முன்னால் நீண்டு இறங்கும் தாழ்வாரமும் வாடையைத் தடுத்துவிடும். தெற்கும் கிழக்கின் எஞ்சிய பகுதியும் திறந்திருந்து காற்றோட்டத்தைக் காக்கும். கராஜ் வளவின் வேறு மூலையில் இருந்தாலும் தவறில்லை. இயந்திரமும் வேலை செய்யும் இடமும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. காற்றைக் குழாயில் கொண்டுபோகலாம். அப்படிப் பிரிப்பதால் அரைக்கும் தூசியும் வர்ணப் புகையும் பெற்றோல் ஆவியும் உள்ளிழுக்கும் வாயை நெருங்குவதில்லை; அமுக்க ஆளியில் எழும் தீப்பொறி அந்த ஆவியைத் தீண்டுவதும் இல்லை.

இரைச்சலைப் பொறுத்தவரையும் இப்பிரிப்பே நல்லது. ஒரு மீற்றர் தொலைவில் 85 டெசிபெல் எழுப்பும் இயந்திரத்தின் ஒலி, திறந்தவெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். எட்டு மீற்றரில் 67 ஆகிவிடும். இரைச்சலை அடக்கப் பெட்டி செய்து மூடுவோர் வெப்பத்தையும் சேர்த்தே மூடுகின்றனர்.

தரை விடயத்தில் முதலில் வெள்ளத்தை எண்ண வேண்டும். மகாவலி கடலோடு கலக்கும் இத்தாழ்நிலத்தில், வளவில் இதுவரை ஏறிய வெள்ளத்தின் உயரத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அதற்கும் ஒரு சாண் மேலாக மேடை கட்டுதல் தகும். மணற்பாங்கான நிலத்தை நன்றாக இடித்து இறுக்கி, அதன் மேல் நான்கு அங்குலத் தடிப்பில் கொங்கிறீற்றுப் போட்டால் வீட்டளவு இயந்திரத்துக்குப் போதும். நிலைக்குத்துத் தாங்கியாயின் சரியாமலிருக்கப் பொல்ட் அவசியம்; ஆனால் அதை முறுக்கி இறுக்குவதில் பலர் பிழை விடுகின்றனர். சமமில்லாத தரையில் ஒரு கால் மயிரளவு தூக்கியிருக்க, அதைப் பொல்ட்டால் வலிந்து கீழே இழுத்தால், கால் தாங்கியோடு ஒட்டியிருக்கும் வெல்டில் நிரந்தர இழுவிசை ஏற்படும். அதன் மேல் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகள் சேரும்போது, உலோகக் களைப்பு எனப்படும் முறையில் வெல்டின் ஓரத்தில் வெடிப்பு விழும். ஒவ்வொரு காலின் கீழும் தடித்த றப்பர் அட்டை வைத்து, ஆடும் காலுக்குத் தகட்டுத் துண்டு செருகிச் சமப்படுத்தி, நட்டை றப்பர் சற்றே அமுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி, மேலே இன்னொரு நட்டால் பூட்டிவிட வேண்டும்.

மின்சாரத்தில் நேரும் பிழைகளுள் பெரிதும் கவனிக்கத்தக்கது நீட்டிப்பு வயர். 2 குதிரைவலு ஒற்றைத் தறுவாய் மோட்டர் 230 வோல்ற்றில் ஓடும்போது ஏறத்தாழ 10 அம்பியர் எடுக்கும்; புறப்படும் கணத்தில் அதன் ஐந்து மடங்குக்கு மேலும் எடுக்கும். 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயரை 25 மீற்றர் இழுத்தால், போக வர 50 மீற்றருக்குத் தடை ஏறத்தாழ 0.58 ஓம், 50 அம்பியர் ஓடும் கணத்தில் 29 வோல்ற்று அந்த வயரிலேயே விழுந்துவிடும். எஞ்சிய 201 வோல்ற்றில் மோட்டர் புறப்பட வேண்டும். முறுக்கமோ வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு விகிதசமம் ஆகையால், அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. மாலை வேளையில் மின்வழியின் கடைசி வீடுகளில் விளக்கே மங்கும் நேரத்தில் இந்த இழப்பும் சேர்ந்தால், மோட்டர் முக்கி முனகி நின்று கொள்ளளவியையும் சுற்றையும் எரித்துக்கொள்ளும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 11 வோல்ற்று மட்டுமே. தூரமாக வேலை செய்ய வேண்டியிருந்தால் மின்வயரை நீட்டாமல் காற்றுக் குழாயை நீட்டுவதே முறை. காற்றுக் குழாயின் நீளத்தால் மோட்டர் எரிவதில்லை.

பிரதான பெட்டியிலிருந்து கொம்பிரசருக்கெனத் தனிச் சுற்று எடுத்து, அதன் அருகே கைக்கெட்டும் தனிமையாக்கும் ஆளி ஒன்றைப் பொருத்துதல் வேண்டும். வீட்டுச் சுவரிலுள்ள 13 அம்பியர் பிளக்கில் செருகினால் நாளடைவில் செருகியும் குதையும் கருகுவதைக் காணலாம். சுற்றுடைப்பான் 'சி' வகையாக இருந்தால் புறப்பாட்டு மின்னோட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். 'பி' வகை காரணமின்றி விழுவதுபோல் விழும். கச்சான் காலத்தில் நிலம் காய்ந்து புவித்தொடுப்பின் தடை கூடிவிடுவதால், உலோக உடம்பு கொண்ட இந்த இயந்திரத்தில் மின் கசிந்தால் உயிரைக் காப்பது 30 மில்லிஅம்பியரில் விழும் ட்ரிப் சுவிச்தான். அது இல்லாத கொட்டிலில் கொம்பிரசரை இயக்கவே கூடாது. தகுதி பெற்ற மின்னியலாளரிடம் இவ்வேலையை ஒப்படைப்பது செலவில் சேர்த்தி அன்று.

காற்றுக் குழாய்க்கு வீட்டில் மிஞ்சிய பிவிசி குழாயைப் பயன்படுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். அக்குழாயில் அச்சிட்டிருக்கும் அமுக்க எண் குளிர்ந்த நீருக்கானது. நீர் அமுங்காது, குழாய் வெடித்தால் ஒரு கீறலோடு அமுக்கம் தீர்ந்துவிடும். அமுங்கிய காற்றோ விரிந்துகொண்டே தள்ளும். வெயிலிலும் எண்ணெய் ஆவியிலும் காலத்தோடு நொறுங்குந்தன்மை அடைந்த பிவிசி கூரிய சில்லுகளாகச் சிதறி உடம்பில் பாயும். நாகம் பூசிய இரும்புக் குழாய், செப்பு, அலுமினியம் என்பனவே தக்கவை. இயந்திரத்தின் அதிர்வு குழாய்க்குப் போகாதபடி முதல் அரை மீற்றரை அமுக்கம் தாங்கும் றப்பர்க் குழாயாக வைத்து, அதன்பின் உலோகக் குழாயை மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர் சரிவில் முன்னோக்கி இறக்கிக் கொண்டுபோய், தாழ்ந்த முனையில் ஒரு வடிகால் வைக்க வேண்டும். வேலைக்குக் கிளை எடுக்கும் இடத்தில் குழாயின் அடியிலிருந்து எடுக்காமல், மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்கினால், அடியில் ஓடும் நீர் கிளைக்குள் வராது. நீர்ப்பொறி எனப்படும் வடிகட்டிக் கிண்ணத்தைத் தாங்கியின் வாயிலேயே பொருத்தும் வழக்கம் பயனற்றது. அது திரவ நீரைப் பிடிக்குமேயன்றி ஆவியைப் பிடிக்காது, தாங்கியின் வாயிலிலோ காற்று இன்னும் சூடாக, நீரை ஆவியாகவே சுமந்துகொண்டிருக்கும். எட்டுப் பத்து மீற்றர் உலோகக் குழாயில் ஆறி நீர் ஒடுங்கியபின், வேலை முனையில் பொருத்திய நீர்ப்பொறியே அதைப் பிடிக்கும். மோட்டார் சைக்கிள் தாங்கிக்கு வர்ணம் தெளிப்பவர் பூச்சில் காணும் சிறு பள்ளங்களுக்கு வர்ணத்தைக் குறைசொல்லும் முன் இந்த இடத்தைப் பார்ப்பது நல்லது.

தாங்கியில் அடங்கியிருக்கும் சக்தியைப் பற்றித் தெளிவான எண்ணம் பலருக்கு இல்லை. 8 பாரில் நிற்கும் 50 லீற்றர்க் காற்று திடீரென விரிந்தால் வெளிப்படக்கூடிய சக்தி ஏறத்தாழ 50 கிலோ யூல். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள கார் மணித்தியாலத்துக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதுவதற்கு அது சமம். ஆதலால் பாதுகாப்பு வால்வு கசிகின்றது என்று அதைக் கழற்றி முளை அடிப்பதும், கறளால் துளை விழுந்த தாங்கியை வெல்டு வைத்து ஒட்டுவதும் செய்யத்தகாத செயல்கள். துளை விழுந்த இடம் மட்டும் மெலிந்திருப்பதில்லை. அதைச் சுற்றிலும் தகடு மெலிந்துதான் அந்த ஒரு புள்ளி முதலில் உடைந்தது. வெல்டின் வெப்பம் எஞ்சிய தகட்டையும் பலவீனப்படுத்தும். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசரைக் கழற்றிச் சமையல் எரிவாயு உருளையோடு இணைத்துக்கொள்ளும் கைவினையும் இவ்வகைப்பட்டதே. அடியில் வடிகால் இல்லாத அந்த உருளையில் நீர் தங்கி அரிப்பதை யாரும் அறியார். இலங்கையின் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்கூடங்களின் காற்றுத் தாங்கிகளைக் குறித்து விதிகள் வகுத்துள்ளது. வீட்டுக் கொட்டிலுக்குப் பரிசோதகர் வருவதில்லை என்பதால், மாதமொரு முறை பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்துப் பார்க்கும் பொறுப்பு வீட்டுக்காரரையே சேர்கின்றது.

இப்பகுதிக்கென்றே சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. திருகோணமலைக் கடலில் மூழ்குவது பழைய தொழில். 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியில் அமுக்கிய காற்றுருளையோடு மூழ்கி, போர்த்துக்கேயரால் இடித்துத் தள்ளப்பட்ட கோணேசர் ஆலயத்தின் கற்களைக் கண்டதும் இக்கடலில்தான். கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்குவோருள் எவரேனும் கராஜ் கொம்பிரசரில் நீண்ட குழாய் பூட்டி மூச்செடுக்க எண்ணினால், அதைத் தடுத்தே ஆக வேண்டும். உருளை எண்ணெயின் ஆவியும், சூட்டில் எண்ணெய் கருகினால் எழும் காபனோரொட்சைட்டும், அருகில் எஞ்சின் ஓடினால் அதன் புகையும் அக்காற்றில் கலந்திருக்கும். மேற்பரப்பில் தலைவலியோடு போகும் அளவு காபனோரொட்சைட்டு, ஆழத்தில் மூழ்கியிருப்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். சுவாசக் காற்றுக்கு எண்ணெய் கலவாத தனி இயந்திரமும் தனி வடிகட்டிகளும் வேண்டும்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும் ஒரு மாலை தாங்கியை நிரப்பி, அது ஆறும்வரை ஒரு மணித்தியாலம் விட்டு, மானியின் அளவைச் சுவரில் எழுதி, மின்னை நிறுத்திவிட்டு மறுநாள் காலை மீண்டும் பார்க்க வேண்டும். மாலை 35 பாகையாக இருந்த வெப்பநிலை விடியலில் 25 பாகையாகக் குறைந்திருந்தால், 8 பாரில் 0.3 பார் வரை குறைவது குளிர்ச்சியினால் மட்டும் நேரும் இயல்பான இறக்கம். அதற்கு மேல் இறங்கியிருந்தால் எங்கோ கசிகின்றது. சவர்க்கார நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு பொருத்திலும் தடவினால் குமிழ் எழும் இடம் தெரிந்துவிடும். குழாயின் பொருத்துகளில் குமிழ் காணாவிடில் அமுக்க ஆளியின் அடியிலுள்ள சீறல் துளையைப் பார்க்க வேண்டும். அங்கே காற்று இடைவிடாது வந்துகொண்டிருந்தால் தாங்கி வாயிலின் ஒருவழி வால்வு சரியாக மூடவில்லை. அமுக்கம் முழுவதையும் வெளியேற்றிய பின் அதைக் கழற்றி, இருக்கையில் ஒட்டிய கரித்துகளைத் துடைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.